அம்மா கண்ணால் கண்ட குரல்

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, வேளாவேளைக்குச் சண்டை போட்டு, சுகமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும், சண்டை மட்டும் கொஞ்சம் குறைவாக இருக்கட்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. ஆனால் மொட்டை மாடிக்கு ஏறாதே என்று நீ போனில் சொன்னதை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிட்டாள், ரேடியோ ஆண்டெனாவைத் திருப்பி வைக்க நேற்றுகூட ஏறினாள், நான் கீழே நின்று கத்தினேன், துணி காயப் போட வந்தேன் என்றாள், கையில் ஒரு துணியும் இல்லை. உன் அண்ணனுக்கு வேலை மாற்றல் இன்னும் கிடைக்கவில்லை, அவனுடைய சின்ன மகளுக்குப் பல் விழுந்து பேச்சே காற்றாக வருகிறது. இதெல்லாம் அண்ணியே உனக்குச் சொல்லியிருப்பாள். நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயம். உன்னிடம் சொல்ல வேண்டாம், பெருமையடிப்பது போல இருக்கும் என்று அம்மா சொல்லிவிட்டாள். சொல்லத்தானே வேண்டாம் என்றாள், எழுத வேண்டாம் என்று சொல்லவில்லையே.

போன வருடம் நீ ஒரு ரிசீவர் வாங்கி அனுப்பினாய் அல்லவா, கட்டைவிரல் அளவில், கம்ப்யூட்டரில் செருகுவது. அதைப் பார்த்து நான் சிரித்தேன். பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கிய ரேடியோக்காரிக்கு இது ஒரு கருவியா என்று கேலி செய்தேன். அவளுடைய பழைய ரேடியோப் பெட்டி ஒரு நேரத்தில் ஒரு குரலைத்தான் கேட்கும். இந்தக் குட்டிச் சாமானோ ஒரு பெரிய துண்டு அலைவரிசையை அப்படியே திரையில் விரித்துக் காட்டுகிறது. எங்கே யார் பேசினாலும் அங்கே ஒரு வெளிச்சக் கோடு, ஜன்னல் கண்ணாடியில் மழைத்தண்ணீர் வழிவது போலக் கீழே இறங்குகிறது. எந்தக் கோட்டின் மேல் அமுக்கினாலும் அந்தக் குரல் கேட்கும். தையல் மெஷினுக்குப் பக்கத்திலேயே கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டாள். ஒரு கண் ரவிக்கையில், ஒரு கண் திரையில். தலைக்கு மேலே போகிற விமானம் எங்கிருந்து வருகிறது என்று சொல்வாள். வானத்தில் சுற்றும் செயற்கைக்கோளிலிருந்து மேகப் படம் பிடித்து, சாயங்காலம் மழை வரும், துணியை எடுங்கள் என்பாள். அவளுடைய ரேடியோ சங்கத்தில் ஒரு முடிதிருத்துபவர் இருக்கிறார், அவர் பேசும்போது அவருடைய அலை பக்கத்து அலைவரிசைக்கும் வழிகிறது என்று திரையில் பார்த்துக் கண்டுபிடித்தாள், அவர் நம்பாமல் வந்து பார்த்துவிட்டு, போய்ப் பெட்டியைச் சரிசெய்துகொண்டார். இத்தனையும் தெரியும், என் மூக்குக்கண்ணாடி எங்கே என்று கேட்டால் மட்டும் தெரியாது.

போன மாதம் ஒரு நாள் முற்பகலில் நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். மெஷின் சத்தம் சட்டென்று நின்றது. படகுக்காரர்கள் எல்லோரும் கூப்பிடுகிற பொதுச் சானலில் காலையிலிருந்தே ஒரு தடித்த கோடு அசையாமல் நிற்கிறது, பேச்சில்லை, வெறும் இரைச்சல் என்றாள். யாரோ ஒருவருடைய மைக்கின் பொத்தான் அழுந்திக் கிடக்கிறது, அது விடுகிறவரை அந்தச் சானலில் வேறு யார் கூப்பிட்டாலும் யாருக்கும் கேட்காது. அது இருக்கட்டும், இதைப் பாருங்கள் என்று காட்டினாள். தள்ளியிருந்த ஒரு சானலில் மெல்லிய கோடு ஒன்று தோன்றி மறைந்தது. கொஞ்சம் பொறுத்து அடுத்த சானலில் அதே மாதிரி ஒன்று. யாரோ ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு வருகிற மாதிரி இருக்கிறது என்றாள். அடுத்த முறை அது தோன்றியதும் அதன் மேல் அமுக்கினாள். ஒரு ஆணின் குரல். படகின் அடிப்பலகை விட்டுப்போய்த் தண்ணீர் ஏறுகிறது, மச்சானும் நானும் இருக்கிறோம், யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டுக் குரல் அறுந்தது.

அவளுடைய பெட்டியால் அந்த அலைவரிசையில் பதில் சொல்ல முடியாது, கேட்கத்தான் முடியும். துறைமுக அலுவலகத்துக்குப் போன் செய்து, ஒரு படகு மூழ்குகிறது என்றாள். எங்களுக்கு எதுவும் கேட்கவில்லையே அம்மா என்றார் அங்கிருந்த அதிகாரி. அவள் குரலில் ஒரு பதற்றமும் இல்லை குட்டிம்மா. “கேட்காதுங்க, உங்க சானலை ஒரு மைக் அடைச்சிட்டு நிக்குது. நான் சொல்ற நம்பருக்குத் திருப்புங்க. போனை வைக்காதீங்க, அந்தப் படகுக்காரர் வேற சானலுக்கு மாறினா நான் சொல்றேன்.” அந்த மனிதரும் நல்லவர், ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. அவர் திருப்புவதற்குள் கோடு அடுத்த இடத்துக்குப் போய்விட்டது. இப்போது இங்கே, இப்போது அங்கே என்று இவள் சொல்லச் சொல்ல, அவர் துரத்தினார். கோடு மங்கிக்கொண்டே வந்தது, பேட்டரி தீர்கிறது என்றாள் என்னிடம். பிறகு ஒரு சானலில் அந்த மெல்லிய கோட்டுக்கு மேலே பளிச்சென்று ஒரு தடித்த கோடு இறங்கியது. துறைமுகம் அவருக்குப் பதில் சொல்லிவிட்டது. அம்மா போனை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் அரிவாள்மனையைக்கூட மடக்காமல் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மீட்புப் படகு போனபோது இரண்டு பேரும் மூழ்கிய படகின் மூக்கைப் பிடித்துக்கொண்டு மிதந்தார்களாம். அந்த அழுந்திய மைக்கை, முடிதிருத்துபவர்தான் ரிசீவரும் லேப்டாப்புமாகப் படகுத்துறையில் நடந்து நடந்து கண்டுபிடித்தார், கட்டிப்போட்டிருந்த ஒரு படகில் வலைக்குவியலுக்கு அடியில் கிடந்தது. படகுக்காரர் பாவம், தலையில் கைவைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒரு நாள் அந்த மீனவர் வீடு தேடி வந்தார். கும்பிட்டார், ரிசீவரைக் கையில் வாங்கி இவ்வளவுதானா என்று பார்த்தார். அம்மாவின் கம்ப்யூட்டர் அன்றைக்கு எல்லாவற்றையும் பதிவு செய்திருந்தது, உங்கள் குரலைக் கேட்கிறீர்களா என்று சந்தோஷமாகப் போட்டுக் காட்டினாள். தண்ணீர் ஏறுகிறது என்பதுவரை கேட்டுக்கொண்டிருந்தவர், அடுத்து மனைவி பேரைச் சொல்லி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள் என்று அழுகிற இடம் வந்ததும் தலையைக் குனிந்துகொண்டார். நாங்களும் அன்றைக்கு அதைக் கேட்டிருக்கவில்லை, நாங்கள் அவரைக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் வேறொரு சானலில் அவர் பேசியது அது. அம்மா உடனே நிறுத்தினாள். “இதை அழிச்சிடுங்கம்மா. கொஞ்சம் தண்ணி ஏறிச்சு, வந்து கூட்டிட்டு வந்துட்டாங்கன்னுதான் வீட்ல சொல்லியிருக்கேன்” என்றார்.

அவர் கண்ணெதிரிலேயே அழித்தாள். பிறகு டீ போட்டுக் கொடுத்தாள். சங்கத்துக்காரர்கள் அந்தப் பதிவை ஆண்டுக் கூட்டத்தில் போட்டு அவளுக்குப் பாராட்டு வைக்க வேண்டும் என்று வந்து நின்றபோது, கை தவறி அழிந்துவிட்டது என்று சொல்லி மறுபடி தைக்க ஆரம்பித்தாள். இத்தனை வருடத்தில் அவளுக்குக் கை தவறி நான் பார்த்ததில்லை.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடியில்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக நெடுநாள் வாழ வேண்டும். அடுத்த முறை பேசும்போது அந்தப் பதிவைப் பற்றி அம்மாவிடம் கேட்காதே, ரிசீவர் நன்றாக வேலை செய்கிறதா என்று மட்டும் கேள்.

உன் அம்மாவைக் கட்டிக்கொள்ளக் கொடுத்துவைத்த,
அப்பா