எத்தோரே, தூக்குங்க

ரோம், தெஸ்தாச்சோ
பிப்ரவரி 1981, வியாழக்கிழமை

அன்புள்ள நெரீனாவுக்கு,

எர்சீலியா குவாத்ருச்சி எழுதுவது. என்னை உனக்குத் தெரியாது. உன் படங்களில் நீ வாயசைத்ததற்கெல்லாம் பேசியவள் நான்தான். ஒரு படத்தில் உன்னைக் கிணற்றில் தள்ளியபோதும், இன்னொன்றில் ரொட்டிக் கத்தியால் உன் கழுத்தை அறுத்தபோதும் அலறியது என் தொண்டை. இத்தனை நாள் உன் வாயில் குடியிருந்த உரிமையில் 'நீ' என்றே எழுதுகிறேன், பொறுத்துக்கொள். கை எப்படி இருக்கிறது? எல்லையோரம் உன் கொரீட்சியாவில் பனி கொட்டுகிறது என்று வானொலியில் சொன்னார்கள். குளிரில் வலி கூடுமே என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். தயாரிப்பாளர் ரம்பெல்லி உனக்கு ஒரு தாள் அனுப்பியிருப்பதாகத் தொழிற்சங்கத்து வழக்கறிஞர் சொன்னார். நீ தங்கியிருந்த விடுதியின் கதவில் கை நசுங்கியது, படப்பிடிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அதில் எழுதியிருக்கிறதாம். நீ கையெழுத்துப் போட்டால் அடுத்த படத்தில் கதாநாயகி வேடம். கை துண்டிக்கப்பட்ட சீமாட்டி. வேடத்துக்குப் பொருத்தமான ஆளைப் பிடிப்பதில் அவரை மிஞ்ச முடியாது. போனது இடது கை விரல்கள் என்பதால் கையெழுத்துக்கும் தடையில்லை, அந்த அளவுக்கு அவர் முன்யோசனைக்காரர். நெரீனா, போடாதே. நான் எழுத வந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் ஏன் போடக் கூடாது என்பதற்கு.

அன்று படப்பிடிப்பில் உனக்கு நடந்ததை உனக்கே சொல்வது அபத்தம். ஆனால் கேமராவுக்குப் பின்னால் நடந்தது உனக்குத் தெரிந்திருக்காது. ரத்தம், குடல், மெழுகுக் கை எல்லாம் செய்யும் எத்தோரே வந்து சொன்னார்.

கதை அமெரிக்காவில் நடக்கிறது என்று வைத்துக்கொண்டதால் படம் எடுத்த பழைய வில்லாவுக்கு அமெரிக்கச் சன்னல் தேவைப்பட்டது. மேலும் கீழும் வழுக்கி நகரும் சன்னல். நம் ஊர்த் தச்சர் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. மாதாகோயில் கதவுக்குப் போடும் கனத்தில் செய்து கொடுத்துவிட்டார். அதை ஒரு மரக்கட்டை தாங்கிக்கொண்டிருந்தது. கட்டையைப் பார்த்துக்கொள்வது எத்தோரேயின் பொறுப்பு. நீ கையை வைத்து நடிக்க வேண்டும், பிறகு கையை எடுத்துக்கொள்ள வேண்டும், மெழுகுக் கையின்மேல் சன்னல் விழ வேண்டும். இதுதான் ஏற்பாடு. இயக்குநர் ஸ்பதோனிக்கு மெழுகுக் கை இளைத்துத் தெரிந்ததால், உள்ளே திணிக்கப் பன்றி ஈரல் எடுத்துவர எத்தோரேயை அனுப்பியிருக்கிறார். எத்தோரே ஈரல் வாளியோடு படியில் நின்றபோது கட்டை நழுவியது.

நீ கத்தினாய். யாரும் திரும்பவில்லை. நம் படங்களில் சத்தத்தைப் பதிவு செய்கிற வழக்கம் எங்கே இருக்கிறது? எல்லாம் பிறகு என்னைப் போன்றவர்கள் ஒட்டுவது. அதனால் கேமரா ஓடும்போதே மின்சார இயந்திரம் உறுமும், இயக்குநர் அறிவுரை சொல்வார், ஒப்பனைக்காரி வானொலியில் கால்பந்து கேட்பாள். அன்று ஞாயிற்றுக்கிழமை வேறு. நீ சாகிற மாதிரி கத்துவதற்குத்தானே வந்திருக்கிறாய், கத்தினால் யார் திரும்புவார்கள்? ஸ்பதோனி உன்னைப் பார்த்து, "அருமைம்மா, அருமை. கண்ண இன்னும் பெருசா தொற. சாவு வருது பாரு, கண்ணுக்கு நேரா வருது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். நீ துவண்டுபோய்ச் சன்னல் சட்டத்தில் தலை மோதிய பிறகுதான் காட்சியை நிறுத்தினார். நிறுத்திவிட்டுச் சுவரில் வழிந்ததைக் கிட்டப் போய்ப் பார்த்தார். பார்த்துவிட்டு, "ரத்தம் சரியில்லையேப்பா. கறுப்பா இருக்கு. நெசம் மாதிரியே இல்ல. எத்தோரே, ஒன்னோட ரத்தத்த எடுத்துட்டு வா" என்றார்.

எத்தோரே என் சமையலறையில் உட்கார்ந்து இதைச் சொல்லும்போது சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. "சிஞோரா, அவரு சொன்னது தொழில்முறையில சரிதான். என் ரத்தம் அதவிடச் செவப்பா இருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

இனி என் பங்கு. டப்பிங் செய்யும் விதம் உனக்குத் தெரியுமோ என்னவோ. படத்தைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, முனையோடு முனை ஒட்டி, வளையமாக்கி ஓட்டுவார்கள். வாயும் சொல்லும் பொருந்தும்வரை அதே துண்டு சுற்றிக்கொண்டே இருக்கும். எனக்கு ஒரு நாள் வந்த வளையம் உன் கை. சன்னல் இறங்கும், எலும்பு உடையும், உன் வாய் திறக்கும். திரை வெளுக்கும். மறுபடி சன்னல் மேலே இருக்கும், உன் விரல்கள் ஐந்தும் முழுசாக இருக்கும், மறுபடி இறங்கும். மதியச் சாப்பாட்டுக்கு மணி அடிக்கும்வரை உன் விரல்களை நசுக்கிக்கொண்டே இருந்தார்கள். அந்தத் துண்டைப் படத்திலிருந்து எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. அவ்வளவு நன்றாக வந்திருந்ததாம்.

தாளில் எனக்குக் கொடுத்த வசனம், "யாரது? ஐயோ, இந்த வீட்டுக்கு உயிர் இருக்கிறது", அப்புறம் நீண்ட அலறல். உன் வாயில் அது ஒட்டவே இல்லை. உயிர் என்று நான் சொல்லும் இடத்தில் உன் உதடுகள் ஒட்டியிருந்தன. டப்பிங்கை மேற்பார்வை பார்த்த அமெதேயோ பசியில் இருந்தார். "எர்சீலியா, வாய்க்கு ஏத்த மாதிரி எதையாவது போட்டு முடி. பேய்ப் படந்தானே, இதுல என்ன வேதவாக்கா இருக்கு" என்றார்.

அதனால் தாளைக் கீழே வைத்துவிட்டு உன் வாயைப் பார்த்தேன். இத்தனை ஆண்டு இதே பிழைப்பு, கண்ணுக்குப் பழகிவிட்டது. உன் வாயில் இருந்ததை மைக்கில் சொன்னேன். "நிறுத்துங்க. நெசமாவே மாட்டிக்கிச்சு. கை. எத்தோரே, தூக்குங்க." ஒரே முறையில் பொருந்தியது, ஒரு மயிரிழை பிசகவில்லை. அமெதேயோவுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். "எத்தோரேங்கறது யாரு? கதையில அப்படி யாரும் இல்லியே" என்றார். வீட்டில் இருக்கும் பேயின் பெயராக இருக்கும் என்றேன். "பேருன்னு ஒண்ணு இருந்தா நல்லதுதான்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடக் கிளம்பிவிட்டார்.

படம் வெளியானதும் எங்கள் தெரு முனைக் கொட்டகைக்கு அசுந்தாவோடு போனேன். அசுந்தா என் பக்கத்து வீட்டுக்காரி, கசாப்புக் கடைக்காரர் மனைவி. வாரம் முழுதும் குடலையும் எலும்பையும் அளைந்துவிட்டுச் சனிக்கிழமை மதியம் டிக்கெட் எடுத்து அதையே பார்க்க வருகிறாள். ஏன் என்று கேட்டேன். "கடையில வெட்டுறது வேலைடி. இங்க வெட்டுறது எனக்காக வெட்டுறாங்க" என்றாள். நான் படித்த எந்தத் தத்துவ ஆசிரியரும் இதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

கொட்டகை நிரம்பியிருந்தது. பின்வரிசையில் ஆரஞ்சுத் தோல் வாசம், முன்வரிசையில் உப்புப் பருப்பு கொறிக்கும் சத்தம். ஏன் இவ்வளவு கூட்டம் என்று முதலில் எனக்கும் விளங்கவில்லை. பிறகு சுற்றிப் பார்த்தேன். எல்லாரும் மாமியார், மாமனார், கொழுந்தன் குடும்பம் என்று இரண்டு அறைக்குள் நெருக்கியடித்து இருப்பவர்கள். அரசு வாடகை வீட்டுக்கு மனுப் போட்டு மனு மட்டும் பழையதாகிக்கொண்டிருப்பவர்கள். திரையில் ஒரு பெண்ணுக்கு, சித்தப்பா செத்துப்போய், மாடி, நிலவறை, தோட்டம் எல்லாம் உள்ள வில்லா சும்மா கிடைக்கிறது. அந்த வீடு அவளைக் கடித்துத் தின்கிறது. படிக்கட்டு அவள் நண்பனின் முழங்காலை முறிக்கிறது, குளியல்தொட்டி அவள் அத்தையின் தோலை உரிக்கிறது, அலமாரி ஒரு பாதிரியாரை மென்று கழுத்துப்பட்டையைத் துப்புகிறது. வீடில்லாதவர்களுக்கு இதைவிட ஆறுதல் என்ன வேண்டும்? இன்னொன்றும் உண்டு. காலையில் செய்தித்தாளைப் பிரித்தால் யாராவது யாரையாவது முழங்காலில் சுட்டிருக்கிறார்கள், ரயில் நிலையத்தில் குண்டு வைத்திருக்கிறார்கள். யார், எதற்கு என்று மந்திரிகளுக்கே தெரியவில்லை. கொட்டகையில் அந்தக் குழப்பம் கிடையாது. வீடுதான் குற்றவாளி. விளக்குப் போட்டதும் செத்தவர்கள் எல்லாரும் எழுந்து சம்பளம் வாங்கப் போயிருப்பார்கள் என்ற நிம்மதியில் நாம் வெளியே வருகிறோம்.

உன் காட்சி வந்தது. விரல் தெறித்தபோது அசுந்தா என் தொடையைக் கிள்ளினாள். என் குரல் "நெசமாவே மாட்டிக்கிச்சு" என்றது. கொட்டகை கைதட்டியது. யாரோ ஒருவன் எழுந்து, "எத்தோரே, காது கேக்கலியாடா ஒனக்கு? தூக்குடா" என்று கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். மறுவாரம் எங்கள் தெருவில் யாருக்கு மூட்டை தூக்க வேண்டியிருந்தாலும் இதையே சொன்னார்கள். ஒரு நாளிதழ் விமர்சகர், திரையில் தோன்றாமலே படம் முழுதும் நிறைந்திருக்கும் எத்தோரே என்பவன் நம் காலத்துக் கடவுளின் மௌனம் என்று எழுதியிருந்தார். நான் உண்மையை ஊருக்கெல்லாம் கேட்கச் சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன். ஊர் கேட்டது, காசு கொடுத்துக் கேட்டது, மறுபடியும் வரிசையில் நின்று கேட்டது. ஒருவருக்கும் அது காதில் விழவில்லை.

ஒருவரைத் தவிர. எத்தோரே அன்று பின்வரிசையில் இருந்திருக்கிறார். தன் பெயரைக் கேட்டதும் வெளியே போய் நடைபாதையில் வாந்தி எடுத்திருக்கிறார். மறுநாள் என் வீட்டைத் தேடி வந்தார். அவரோடு நான் தொழிற்சங்கத்துக்குப் போனேன். வழக்கு அப்படித்தான் ஆரம்பித்தது. உன்னைக் கேட்காமல் ஆரம்பித்தோம் என்று உனக்குக் கோபம் இருக்கும். இருக்கட்டும்.

போன வாரம் நீதிபதி அந்தத் துண்டைப் பார்த்தார். வயதானவர். சன்னல் இறங்கும்போது கண்ணை மூடிக்கொண்டார், அதனால் காதால் மட்டும் கேட்டார். "தெளிவா கேக்குது. ஆனா பேசுறது யாரு?" என்றார். நான் எழுந்து நின்றேன். ரம்பெல்லியின் வக்கீலுக்கு அது போதும். "ஐயா, வாய் ஒருத்தரோடது, குரல் இன்னொருத்தரோடது. இந்த அம்மா போன வருஷம் ஒரு ஆட்டுக்கும் குரல் குடுத்திருக்காங்க. ஆடு சொன்னதையும் சாட்சியா எடுத்துக்கலாமா?" என்றார். ஆட்டுக்குக் கொடுத்தது உண்மைதான். அது சாத்தானின் ஆடு, லத்தீனில் பேசியது. எத்தோரேயை இதற்குள் வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள்; அவர் சொன்னதற்கு, அந்த ஆத்திரத்தில் பேசுகிறார் என்றார்கள். கடைசியில் நீதிபதி, அடிபட்ட பெண்ணே வந்து சொல்லட்டும் என்று மார்ச் மாதம் புனித யோசேப்பு திருநாளுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளிவைத்திருக்கிறார். அதற்குள் அந்தத் தாளில் உன் கையெழுத்தை வாங்கிவிட ரம்பெல்லி துடிப்பது இதனால்தான்.

நீ ஏன் வர மறுக்கிறாய் என்று உன் அம்மா வழக்கறிஞருக்கு எழுதியிருந்தார். படித்துக் காட்டினார்கள். கையைப் பார்த்துப் பரிதாபப்படுவார்கள் என்பதல்ல, குரலைக் கேட்டுச் சிரிப்பார்கள் என்பதுதான் உன் பயமாம். உன் குரல் கீச்சென்று இருக்கிறது, எல்லைப்புறப் பேச்சு அடிக்கிறது, முகத்தை மட்டும் கொடுத்தால் போதும் என்று முதல் நாளே ஸ்பதோனி சொல்லிவிட்டாராம். அவர் அப்படிச் சொன்னதால்தான் எனக்கு வேலை கிடைத்தது. இருந்தும் சொல்கிறேன். அன்று அந்த அறையில் அத்தனை பேர் இருந்தும் உன் குரல் யாருக்கும் கேட்கவில்லை என்பது அது கீச்சென்று இருந்ததால் அல்ல.

சிரிக்கட்டும். நீதிமன்றத்தில் சிரிப்பவர்கள் குறைவு, சிரித்தாலும் கைதட்ட மாட்டார்கள். ரயிலேறும் முன் ஒரு தந்தி கொடு, நிலையத்துக்கு வந்துவிடுகிறேன். படுக்க என் அறை இருக்கிறது. அசுந்தா கன்றுக்குட்டி வால் சமைப்பதாகச் சொல்லியிருக்கிறாள். உன் கையைப் பற்றி ஏதாவது உளறுவாள், கண்டுகொள்ளாதே. மனசு நல்லது.

கிணற்றிலும் கத்தியிலும் நீ சாகும்போதெல்லாம் உனக்காக நான் அலறிவிட்டேன். இந்த ஒன்றை மட்டும் என்னால் பேசித்தர முடியாது, நெரீனா. நான் பேசினால் அது ஆட்டின் சாட்சியாகிவிடும். செவ்வாய்க்கிழமை நான் பின்வரிசையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உன் வாயை இவ்வளவு நாள் பார்த்திருக்கிறேனே தவிர, உன் குரலை நான் இன்னும் கேட்டதில்லை.

மாதா உன்னைக் காப்பாற்றட்டும். வந்து பேசு.

அன்புடன்,
எர்சீலியா