சுல்கி பேசிய அன்று

ஹேரின் அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் இடுப்பு வலி குறைந்ததா? படகில் ஏறும்போது பட்டையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

மூன்று முறை விண்ணப்பித்துக் கிடைத்த பள்ளி ஆலோசகருக்கான முதுகலைப் படிப்பு ஒருவழியாக முடிந்தது. பட்டம் கைக்கு வர பிப்ரவரி ஆகும், அதுவரை இங்கேதான் இருக்க வேண்டும். நேற்று பள்ளிப் பயிற்சியின் கடைசி நாள். ஒரு மாதமாக என் முன்னால் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த சுல்கி என்ற பதிமூன்று வயதுப் பெண் நேற்றுதான் பேசினாள்.

"எங்கம்மா சியோல்ல வேலை பாக்குறாங்க டீச்சர். போன் பண்ணா சாப்டியாம்பாங்க. சாப்டேன்னதும் வச்சிருவாங்க. வேற கேக்க ஒண்ணுமே இல்லையா?"

படித்தது எதுவும் நினைவுக்கு வரவில்லை. "நானும் என் பொண்ணுகிட்ட அதைத்தான் கேக்குறேன்" என்றேன்.

"அவ என்ன சொல்லுவா?"

"சாப்டேன்னுவா."

சுல்கி சிரித்துவிட்டாள். "அப்ப அவளும் கோவமாத்தான் இருக்கா டீச்சர்!"

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்குப் போன் செய்கிறேன். போனை நம் பெண் ஹேரினிடம் கொடுத்துவிட்டு நீங்கள் வெளியே போய்விடுங்கள். அவள் பேசாவிட்டாலும் நான் வைக்கமாட்டேன். இப்போது அவள் யாரோடு பள்ளிக்குப் போகிறாள் என்றுகூட எனக்குத் தெரியாது. நீங்கள் எழுதிவிடாதீர்கள், அவளிடமே கேட்டுக்கொள்கிறேன்.

தபால் நிலையத்தை மூடும் நேரமாகிவிட்டது, இதோடு முடிக்கிறேன்.

மியோங்ஜு
தேகு