மூஷிகத்தின் தலையிடி

3.9.2007, வெள்ளவத்தை

சிற்றெலியின் முதுகில் பேருலகைச் சுமத்திய ஆனைமுகப் பெருமானே, இவ்வெழுத்துக்கு முன்னின்று காத்தருள்க.

மகள் அருந்ததி தன் ஆராய்ச்சி இன்னதென்று இன்றுதான் வாய்திறந்தாள். வெள்ளெலிகளுக்கு ஒற்றைத் தலையிடியை வருவித்து, அது ஏன் வருகிறது, எதனால் தணிகிறது என்று பார்க்கிறாளாம். பிள்ளையாரின் வாகனத்தை வதைப்பதா என்றேன்.

"அவரின்ர வாகனம் மூஞ்சூறு, அப்பா. இது வேற சாதி."

அவளிடம் ஆதாரம் இருந்தது. என்னிடம் கோபம் இருந்தது. சதுர்த்திக்கு முன் அவ்வேலையை விட்டுவிடு என்றேன். சோற்றைப் பாதியில் வைத்து எழுந்து போனாள்.

5.9.2007

நெஞ்சு நோவுக்குப் புதிய குளிசை விழுங்கத் தொடங்கியதிலிருந்து இடப்பக்கத் தலையில் இடி. எவரிடமும் சொல்லேன். எலிக்காக வழக்காடியவனுக்கு எலியின் நோயே வந்ததென்றால் சிரிக்கமாட்டார்களா?

6.9.2007

எலிக்குத் தலையிடி என்று எப்படி அறிவாய், அது முனகுமா என்று மகளை மடக்கினேன். மெல்லிய நைலோன் இழையால் அதன் புருவத்தருகே தொடுவாளாம். சுகமான எலி பேசாதிருக்குமாம். நோவுள்ளது முகத்தை இழுத்துக்கொள்ளுமாம்.

காலி வீதிச் சோதனைச் சாவடியில் என்ன தொழில் என்று கேட்ட சிப்பாயிடமும் இதையே சிங்களத்தில் விளக்கினாளாம். அடையாள அட்டையைப் பார்க்க மறந்து, தனக்கும் தலையிடிதான் என்றானாம் அவன்.

9.9.2007

பிடிபட்டேன்.

காலைப் பூசையில் நெற்றிப்பொட்டில் குட்டிக்கொண்டு நின்றேன். மனைவி கனகேஸ்வரி பின்னாலிருந்து கேட்டாள்: "இஞ்சேருங்கோ, பிள்ளையாரோட என்ன கோவம்? ஒரு பக்கம் குட்டுறியள், மற்றப் பக்கம் தடவுறியள்."

அருந்ததி என்னை ஒரு கணம் பார்த்தாள். தட்டிலிருந்த அறுகம்புல்லில் ஓர் இழை எடுத்து என் இடப்புருவத்தில் தொட்டாள். தலை தானாகப் பின்னுக்குப் போயிற்று.

"எவ்வளவு நாளா அப்பா?" குரலில் சிரிப்பில்லை. குளிசைப் பெட்டியை வாங்கிப் பார்த்தாள். "தலையிடி வரப்பண்ண எலிக்கும் இந்த மருந்துதான் குடுக்கிறனாங்கள்."

நானாக நிறுத்தவும் கூடாதாம், நெஞ்சுக்கு ஆபத்தாம்.

ஆனைமுகன் வாகனமாகும் பேறு வேண்டுமென்று நாள்தோறும் இரந்தவன்தானே நான்? — தந்துவிட்டான்.

11.9.2007

வைத்தியர் குளிசையை மாற்றினார்.

12.9.2007

அருந்ததியிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: தலையிடி வந்த எலிக்கு அது தீரவும் மருந்து கொடுப்பாயா?

"அதைத்தானே அப்பா தேடுறம்."

உள்ளம் முற்றும் ஆறவில்லை. ஆயினும், விட்டுவிடு என்ற சொல்லை மீட்டுக்கொண்டேன். இரவு, நான் கேளாமலே எனக்குப் பக்கத்தில் அமர்ந்து உண்டாள்.

15.9.2007, சதுர்த்தி

இருபுறமும் கணீரென்று குட்டினேன். தேங்காயா உடைக்கிறியள் என்றாள் கனகேஸ்வரி. ஆய்வுகூடத்து எலிகளுக்கு மோதகம் கொண்டுபோகச் சொன்னேன். அவற்றின் உணவு அளந்து கொடுப்பது, ஆகாது என்றாள் மகள். ஆகவே அவற்றின் பெயரால் ஒன்றை மூஷிகத்தின் காலடியில் வைத்தேன்.

இவ்வேட்டைப் புரட்டுவோர் யாராயினும், அவரும் அவர் மனையில் வாழும் பெரிய, சிறிய உயிர் அனைத்தும் தலை நோவாது, நெஞ்சு நோவாது நெடிது வாழ்க.