தலைகீழான ஆழப்படமும் காலை முக்குளிப்பும்

அனுப்புநர்:
உதவி ஆய்வாளர்,
கடல் ஆய்வு நிலையம்,
படகுத்துறைச் சாலை.

பெறுநர்:
தலைமைப் பொறியாளர் அவர்கள்,
கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை.

பொருள்: ஜெல்லி மீன்களின் ஆழப்படம் தங்கள் அலுவலகத்தில் தலைகீழாக்கப்பட்டது – முக்குளிப்போர் இறங்கும் நேரத்தை மாற்றக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இது மூன்றாவது மனு. முதல் மனு கிணற்றில் போட்ட கல். இரண்டாவதற்கு, ஜெல்லி மீன் மீன்வளப் பிரிவைச் சேர்ந்தது என்று பதில் வந்தது. அங்கே போனால், முள்ளும் செதிலும் இல்லாததை மீன் என்று ஏற்பதற்கில்லை என்றார்கள். அலைந்து கால் ஓய்ந்து மீண்டும் தங்களிடமே வந்திருக்கிறேன்.

2. ஆள் உயரம் வளர்ந்த ஜெல்லி மீன்களின் குடை போன்ற உடலுக்குக் கீழே, விரல் அளவு ஒலிக்கருவியைக் கட்டி விடுவது என் வேலை. அவை எவ்வளவு ஆழத்தில் இருக்கின்றன என்பதைக் கரையிலிருந்தே கேட்டு வரைகிறோம். வெயில் ஏறினால் அடிக்குப் போகின்றன. பொழுது சாய்ந்தால் மேலே வருகின்றன.

3. கடலாழம் வரைவோர் நீர்மட்டத்தைப் பூச்சியம் என்று குறித்துப் படத்தின் மேல்கோட்டில் வைப்பது வழக்கம். பூச்சியம் மேலே இருப்பது பிழை என்று கருதிய தங்கள் வரைவாளர், நல்லெண்ணத்தோடுதான், படத்தைக் கவிழ்த்துத் திருத்திவிட்டார். பகலில் அடியில் கிடப்பவையெல்லாம் பகலில் மேலே மிதப்பவை ஆகிவிட்டன. பகலில் அடிப்பக்கம் ஆபத்தில்லை என்று அதை நம்பி, மாலையில் நடந்துவந்த, ஆலைக்குக் கடல்நீர் இழுக்கும் உறிஞ்சுகுழாயின் சுத்தம் காலைக்கு மாற்றப்பட்டது. இறங்குகிறவர்களுக்கு மேல்மட்டத்தில் வலைக்கூண்டு உண்டு. அடியில், குழாயின் வாயருகே, ஒன்றும் கிடையாது.

4. அங்கே இறங்கும் இருவரில் ஒருவர் என் கணவர். போன வாரம், கழுத்தைச் சுற்றிச் சாட்டையடி போன்ற தடிப்புகளோடு அவரைத் தூக்கி வந்தார்கள். இன்னொரு முறை ஜெல்லி மீனின் விஷம் பட்டால் மூச்சு அடைத்துவிடும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தங்கள் மேற்பார்வையாளரோ, "படத்துலதான் ஆபத்தில்லன்னு இருக்கே? பாத்து இறங்கச் சொல்லுங்கம்மா" என்கிறார். கலங்கிய நீரில் எதைப் பார்ப்பது, ஐயா? ஜெல்லி மீனின் இழைகள் நூலாக நீண்டு கிடக்கும். பட்ட பிறகுதான் தெரியும்.

5. போகவேண்டாம் என்று நான் சண்டை போடாமல் இல்லை. "நான் போகலேன்னா கூட்டாளியத் தனியா இறக்குவாங்க. அவன் பொண்டாட்டிக்கு நீ என்ன பதில் சொல்லுவ?" என்று கேட்டார். நாளை காலை இறங்குகிறார்.

6. விசாரணையோ இழப்பீடோ நான் கேட்கவில்லை. அதற்கெல்லாம் தெம்பும் இல்லை. இறங்கும் நேரத்தை மாலைக்கே மாற்றித் தாருங்கள். சரியான படத்தை இணைத்திருக்கிறேன். எது மேல்பக்கம் என்று அம்புக்குறியும் போட்டிருக்கிறேன். கோப்பு நகர நாளாகும் என்றால், நாளைக்கு மட்டுமாவது இருவரையும் கரையில் நிறுத்தச் சொல்லி ஒரு போன் செய்தால் போதும்.

7. இன்று பகல், நான் கருவி கட்டியவை அத்தனையும் குழாயின் வாயருகே கிடந்தன. நாளையும் அவை எங்கே இருக்கின்றன என்று கரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அது என் பணி. அவர் இறங்கும்போதும் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த நிலைக்கு மட்டும் என்னை ஆளாக்கிவிடாதீர்கள், ஐயா.

இடம்: படகுத்துறை
நாள்: திங்கள், மாலை

தங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
உதவி ஆய்வாளர்