மப்ரூக்கா சரின்னு சொன்ன நாள்

ஆகஸ்ட் 14

சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்டி மப்ரூக்கா! அதுக்குப்போய் காலங்காத்தால மஹ்தியாவுக்கு, தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பிடுவியா?

நேத்து நம்ம நாட்டுப் பெண்கள் தினம். நாப்பது வருஷமா ஊர்ப் பொம்பளைங்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்ததுக்கு நகராட்சியில உனக்கு மரியாதை பண்ணாங்க. நான் மைக்கைப் புடுங்கி, "இவளுக்கே எழுத்து சொல்லிக்கொடுத்தது நான்தான்"னேன். கூட்டமே சிரிச்சுது. நீ சிரிக்கல.

ஆகஸ்ட் 15

காபி நான் போட்டேன். பூனைகூட மோந்து பாத்துட்டுப் போயிடுச்சு.

ஆகஸ்ட் 16

போன் பண்ணேன். தங்கச்சி ஸக்கியா எடுத்தா. "சொல்லுங்க வாத்தியாரே! அக்கா தூங்குறா."

பகல் பதினோரு மணிக்கா? பின்னாடி நீ இருமுறது கேட்டுச்சு. ஒருவேளை வரவே மாட்டியோ?

ஆகஸ்ட் 17

இன்னைக்கு முழுக்க அந்த அறுபத்தொண்ணாம் வருஷம்தான் மனசுல. கல்யாணம் பதியற ஆபீஸு. மாப்பிள்ளைன்னு என் காதோரம் மல்லிப்பூ. நீ தலை குனிஞ்சு உக்காந்திருந்த. உன் மாமன் சொன்னாரு: "பொண்ணு வாயத் தொறக்கல, அப்ப சம்மதம்தான். எழுதுங்க."

"அது பழைய கதை பெரியவரே. சட்டம் மாறி அஞ்சு வருஷமாச்சு. பொண்ணு வாயால சொல்லணும்"னாரு ஆபீஸரு.

நான் கைநாட்டு வைக்க விரலை மையில தோய்ச்சுட்டேன். அப்பத்தான் நீ நிமிர்ந்த. "இந்த ஆளு தன் பேரை எழுதட்டும். அப்புறம் சொல்றேன்."

மாமன் தலையில அடிச்சுக்கிட்டாரு. நீ பழைய காகிதத்துல 'ஹம்தா'ன்னு எழுதிக் காட்டின. அரபியில நாலே எழுத்து. எனக்கு வேர்த்துக் கொட்டுச்சு. பதினோராவது தடவைதான் ஒழுங்கா வந்துச்சு. "சரி"ன்ன. ஆபீஸரு கைதட்டினாரு.

அந்த நாலுலதான் ஆரம்பிச்சுது, இந்த நோட்டுல கிறுக்கற அத்தனையும். அதைத்தான் மைக்குல மாத்திச் சொன்னேன். நாக்கை அறுக்கணும்.

ஆகஸ்ட் 18

மஹ்தியா போனேன். முத்தத்துல நீ நாலஞ்சு பொம்பளைங்களோட சப்பாத்திக் கள்ளிப்பழம் தோல் உரிச்சுக்கிட்டிருந்த.

"எல்லாரும் கேளுங்க. அன்னைக்கு நான் சொன்னது பொய். இவதான் எனக்கு..."

நீ எந்திரிச்சு உள்ள போன. போச்சுடான்னு நின்னேன். பையோட வெளிய வந்து அதை என் கையில திணிச்ச.

"இங்க எதுக்கு அளக்கற? எந்த மைக்குல சொன்னியோ அங்க வந்து சொல்லு. ஒரு மணி வரைக்கும் நகராட்சி தொறந்திருக்கும்."

"அடியே, அந்த ஆபீஸரு கைதட்டினாரே, அதையும் சேத்து..."

நீ டாக்சி ஸ்டாண்டைப் பாத்து விறுவிறுன்னு நடந்துட்ட. நான் இன்னும் முடிக்கவே இல்ல.