முதுகுக்குப் பின்னால் உன் நடிகர்

என் கண்மணிக்கு,

நான் நலம். உன் பல்வலி தேவலையா? சின்னவள் அடம்பிடிக்காமல் சாப்பிடுகிறாளா?

பொறாமைப்படாமல் படி. அலமாரிக் கதவில் படம் ஒட்டி வைத்திருக்கிறாயே, அந்த நடிகர் எங்கள் ஓட்டலில்தான் தங்கியிருந்தார். பெரிய விருந்தாளிகள் எதிரே வந்தால் நாங்கள் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்க வேண்டும். ஏறிட்டுப் பார்த்தால் வேலை போய்விடும். நேற்று அழுக்குத்துணி வண்டியோடு சரக்கு லிஃப்டில் நின்றிருந்தேன். ரசிகர் கூட்டத்துக்குப் பயந்து அவர் அதற்குள் ஓடிவந்தார். நான் சட்டென்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். பாதி வழியில் லிஃப்ட் நின்றுவிட்டது.

பின்னால் அவருக்கு மூச்சு இரைத்தது. "யாராவது கதவத் திறங்க, செத்துடுவேன்" என்றார். படத்தில் பத்துப் பேரைப் பந்தாடுகிறவர்! எனக்கும் உள்ளுக்குள் உதறல்தான். தலைக்கு மேல் காமிரா இருந்ததால் திரும்பப் பயம். சும்மா நிற்கவும் மனம் வரவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டினேன். இறுகப் பற்றிக்கொண்டார்.

"ஒண்ணும் ஆகாது சார், மெதுவா மூச்சு விடுங்க" என்று சுவரைப் பார்த்தே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருவழியாகக் கதவு திறந்தது.

"திரும்பிப் பாத்தியா?" என்று சூப்பர்வைசர் அதட்டினார்.

"சத்தியமா இல்ல சார்."

அதனால் உன் நடிகர் நேரில் எப்படி இருந்தார் என்று என்னைக் கேட்காதே.

உன் பழைய சேலையில் ஒரு தலையணை உறை தைத்து அனுப்பு. துவைக்காத சேலையாக இருந்தாலும் பரவாயில்லை.

மணி அடித்துவிட்டது, ஓட வேண்டும். ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. கதவு திறந்ததும் அவர் கையை விட்டுவிட்டார். நான்தான் விடவில்லை.

உன்னவன்