எண்ணெய் படாத இமைகள்

ஜூன் 8, ஞாயிறு
காலையிலிருந்து மழை. கோலா சிலாங்கூர் அழகு நிலையத்தில் இமைக்குச் செயற்கை முடி. எங்கள் கல்யாண நாளுக்காக மகள் கவிதாவின் ஏற்பாடு. இரண்டு மணி நேரம் கண்ணை மூடிப் படுத்ததில் இடுப்பு போச்சு.
கடைப் பெண் சொன்னவை: ஒரு நாள் தண்ணீர் படக்கூடாது. குப்புறப் படுக்கக்கூடாது. தேய்க்கக்கூடாது. தினமும் குட்டி பிரஷ். எண்ணெய் கூடவே கூடாது, பசை விட்டுவிடும்.
அவர் லோரியில் காத்திருந்தார். பார்த்ததும் சிரிப்பு. "என்னா தேனு, கன்னுக்குட்டி கண்ணு மாதிரி இருக்குலா!" ஈஜோக்கில் வீடு வரும்வரை ரோட்டைவிட என்னைத்தான் அதிகம் பார்த்தார். திட்டினேன்.

ஜூன் 11, புதன்
நேற்று மதியம் அவர் போய்விட்டார். செம்பனைக் குலை ஏற்றும்போது நெஞ்சுவலி. இன்று எடுத்தாகிவிட்டது.
அழுததில் கொஞ்சம் உதிர்ந்து கன்னமெல்லாம் ஒட்டுமுடி. அவருடைய பெரியம்மா எல்லார் முன்னாலும்: "புருசன் செத்துக் கெடக்கான், இவ கண்ண பாரு, கூத்துக்காரி மாதிரி."
கவிதா: "பிய்ச்சா அம்மாவோட சொந்த முடியும் வந்துரும், பாட்டி."
பெரியம்மா விடவில்லை: "கருமாதிக்கு எண்ண வப்போம்ல. அன்னிக்குத் தேச்சு எடுத்துர்றேன்."

ஜூன் 17, செவ்வாய்
வெயில். சமையல் கேஸ் தீர்ந்தது, கடையில் சொல்ல வேண்டும்.
நுரை போட்டுக் கண் கழுவினேன். காயவிட்டு, பிரஷ். எதற்கு இதெல்லாம் என்று எனக்கே கேள்வி. அவர் ஆசையாகப் பார்த்தது இது. தானாக விழட்டும். எண்ணெயில் போகக்கூடாது.
திரும்பினால் குளியலறை வாசலில் அத்தை, அவரைப் பெற்றவர். காரியத்துக்காக அசாம் ஜாவாவிலிருந்து வந்து தங்கியிருக்கிறார். எவ்வளவு நேரம் நின்றாரோ. பிரஷ்ஷைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். பயமாக இருக்கிறது.

ஜூன் 25, புதன்
கருமாதி. மணையில் உட்கார்ந்தேன். பெரியம்மா கையில் நல்லெண்ணெய்க் கிண்ணம். உச்சியில் வைத்தார். அடுத்து விரல் கண் பக்கம். கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.
"குடுங்கக்கா, நா வைக்கிறேன்." அத்தை கிண்ணத்தை வாங்கினார். இடது கையை என் நெற்றியில் வரப்பு மாதிரி வைத்துக்கொண்டு ஊற்றினார். எண்ணெய் காதோரம் வழிந்தது. கண்ணில் ஒரு சொட்டு இல்லை.
குனிந்து மெதுவாக: "அன்னிக்கு எனக்கு போன் போட்டான்மா. தேனு கண்ண வந்து பாருங்கம்மான்னு. மழைன்னு நாந்தான் வரல. தொற, இப்ப பாத்துக்கிறேன்."
திறந்தேன்.